குறுக்கே நடந்தவள்

போன வாரம் சிவசைலம் தன் தங்கைக்குச் சொன்ன பதிலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "பாப்போம்" என்றான். அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஹுசூர் கச்சேரியில், அதாவது கலெக்டர் ஆபீசில், குமாஸ்தாவாக இருப்பவனுக்கு மனுக்களைக் கிடப்பில் போடுவது பழகிப்போன வேலை. வீட்டிலும் அதையே செய்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொர்ணாம்பாளுக்கு இருபத்திரண்டு வயது. பதின்மூன்றில் தாலி அறுந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அன்றிலிருந்து திருநெல்வேலி டவுணில், மேலரத வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த நீளமான வீட்டின் பின்கட்டுதான் அவளுக்கு உலகம். பாளையங்கோட்டையிலிருந்து ஜெபராணி என்ற கிறிஸ்தவப் பெண், ஊர்ப் பேச்சில் வேதக்காரி, வாரத்தில் இரண்டு நாள் வந்து, கிணற்றடியில் வைத்து அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். பாளையங்கோட்டையில் பெண் வாத்திச்சிகளைப் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பரீட்சையில் தேறினால் அங்கேயே தங்கிப் படிக்கலாம். பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் வாத்திச்சியாகப் போய்விடலாம். அந்தப் பரீட்சைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்குத்தான் அண்ணனின் ‘பாப்போம்’. பரீட்சை இன்று காலை பத்து மணிக்கு.

பார்த்துப் பார்த்து, அதே காலையில் சிவசைலமும் பயணம் வைத்துவிட்டான். அவன் மனைவி ஆழ்வார்திருநகரியில் தாய் வீட்டில் ஆண்பிள்ளை பெற்றிருக்கிறாள். தலைச்சன். தாயார் பார்வதியம்மாளையும் கூட்டிக்கொண்டு வில்வண்டியில் பிள்ளை முகம் பார்க்கப் போகிறான்.

"நல்ல காரியத்துக்குப் போறோம். வண்டி தெருத் திரும்புற வரைக்கும் நீ பின்கட்டை விட்டு வரப்படாது" என்று தங்கைக்கு உத்தரவு.

சொர்ணம் அதற்குக் கோபப்படவில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய உத்தரவுதான். கல்யாணத்துக்குப் போனவர்கள், விதை போடப் போனவர்கள், வழக்குக்குப் போனவர்கள் என்று யார் வீட்டிலிருந்து புறப்பட்டாலும் அவள் அடுக்களைக்குள் ஒதுங்கிக்கொள்வாள். தன் முகம் எதிரே பட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று அவளும் நம்பினாள். நம்பி, தன் முகத்தைத் தானே ஒளித்து வைத்துக்கொண்டாள். அண்ணன் விடிந்ததும் போய்விடுவான், அவன் வண்டி போனதும் தான் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

விடிந்ததும் சிவசைலம் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் இறங்கினான். ஒற்றைப் பிராமணர் ஒருவர் எதிரே வந்தார். திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். சற்றுப் பொறுத்து மறுபடி இறங்கினான். எண்ணெய்க்காரன் வந்தான். மறுபடியும் செம்பு, தண்ணீர். இதற்குள் மணி எட்டைத் தாண்டிவிட்டது.

எதிர்வீட்டு ஞானம்பாள் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று பிள்ளை பெற்ற சுமங்கலி, நல்ல மனசுக்காரி. மஞ்சள் பூசிக் குளித்து, நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்காமலேயே எதிரே வந்து நின்றாள்.

"நெறகுடம் வந்தாச்சு அண்ணாச்சி. தைரியமாக் கிளம்புங்க" என்றாள்.

சிவசைலம் அவளைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். "திருநீத்துப் பைய மறந்துட்டேன்" என்று உள்ளே வந்துவிட்டான்.

அடுக்களை வாசலில் நின்ற சொர்ணத்துக்கு அப்போதுதான் உறுத்தியது. திருநீற்றுப் பையை நிரப்பிக் கொடுத்தவளே அவள்தான். அது அவன் இடுப்பில் தொங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

பட்டாசலில், நடுக்கூடத்தில், பார்வதியம்மாள் மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னலே இது? ஞானம்பாளே நெறகுடத்தோட வந்து நிக்கா. இதைவிட என்ன சகுனம் வேணும் ஒனக்கு?"

"மெள்ளப் பேசும்மா. மணி பத்தாகட்டும். பொறவு போவோம்."

"பத்தா? வெயில் ஏறிருமேய்யா. பத்து மணிக்கு அப்படி என்ன நல்ல நேரம்?"

"நேரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ பரீட்சை பத்துக்கு. அது தொடங்கிட்டா பொறவு யாரையும் உள்ள விடமாட்டாவ. அதுக்குமேல நாம நிம்மதியா போலாம்."

"அதுக்கு, போகாதேன்னு அவகிட்ட நேரா சொல்லிட்டுப் போயேன்" என்றாள் தாயார்.

"சொன்னா அழுவா. அந்த வேதக்காரி நாலு பேர்கிட்ட சொல்லுவா. இப்படின்னா யாருக்கும் பொல்லாப்பு இல்லயில்லா? சகுனம் சரியா வரல, கிளம்ப நேரமாயிட்டு. யாரைக் குத்தம் சொல்ல முடியும்?"

பார்வதியம்மாள் ஏதாவது சொல்வாள் என்று சொர்ணம் காத்திருந்தாள். தாயார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பலகையில் உட்காரும் சத்தம்தான் கேட்டது.

அவன் தடுத்ததுகூடப் பெரிதில்லை. எந்த அண்ணன் தடுக்கமாட்டான்? அவன் சகுனத்தை நம்பவே இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இவள் ஒன்பது வருஷம் நம்பியிருக்கிறாள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன கடைசி நாளில், எதிரே வந்துவிடக் கூடாதே என்று உள்ளே அரங்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் அவள். அப்பாவின் முகத்தைக்கூட அன்றைக்குப் பார்க்கவில்லை. அவர் உயிரோடு திரும்பவும் இல்லை. இவனுக்கு அதெல்லாம் ஒரு சௌகரியம். கச்சேரியில் ஒரு மனுவை அமுக்க ஒரு காரணம் வேண்டும் என்றால் தேடிப் பிடிப்பானே, அதுபோல.

சொர்ணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளுத்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுக்களையை விட்டு வெளியே வந்தாள்.

சிவசைலம் கடிகாரத்தைப் பார்ப்பதற்காக வாசல் பக்கம் திரும்பியிருந்தான். கால் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"ஏட்டி! எதுக்க வராதட்டி!" என்று தாயார் அலறினாள்.

"வந்துட்டேன்" என்றாள் சொர்ணம். "நீங்க பத்து மணிக்குக் கிளம்புங்க அண்ணாச்சி. நான் இப்பவே கிளம்புதேன்."

சிவசைலத்தின் முகம் செத்தது. கேட்டுவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. குரலை உயர்த்தினான்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? பிள்ளை மொகம் பாக்கப் போற நேரத்துல மூதேவி மாதிரி வந்து நிக்கே?"

"ஒங்க பிள்ளை மொகத்துல நான் முழிக்கப்படாது. சரி. மூணு மாசம் கழிச்சு மதினி பிள்ளையத் தூக்கிட்டு வருவாவ. அப்ப பீத்துணி யாரு அலசுவா? நான்தான் அலசுவேன். என் மூஞ்சிதான் ஆகாது, கை ஆகும். அப்படித்தானே?"

"இதெல்லாம் அந்த வேதக்காரி படிச்சுக் குடுத்த பேச்சு."

"அவ்வோ இங்கிலீஷ்தான் படிச்சுக் குடுத்தாவ. பேசுதது நான்."

"அண்ணனை எதுத்துப் பேசாதட்டி" என்று பார்வதியம்மாள் நடுவில் வந்து விழுந்தாள். "பச்ச மண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? ஒன் மொகத்தை ஒளிச்சுவச்சா ஒனக்கு என்ன கொறஞ்சு போவுது?"

சொர்ணம் தாயாரைப் பார்த்தாள். அவள் கட்டியிருந்ததும் வெள்ளைச் சேலைதான். கழுத்திலும் ஒன்றும் இல்லை.

"நீயும் தாலி அறுத்தவதானேம்மா?" என்றாள். "நீ எப்படி வண்டியில ஏறி, அண்ணாச்சி பக்கத்துலயே ஒக்காந்து போறே?"

"பெத்த தாய்க்குத் தோஷம் கெடையாது."

"அத யாரு சொன்னா? நீயே சொல்லிக்கிட்டே. ஒன்ன மட்டும் வெளிய நிறுத்திக்கிட்டு, என்னை உள்ள போட்டுப் பூட்டிட்டே."

பளீர் என்று ஒரு அறை. பார்வதியம்மாள் மகளை அடித்து வளர்த்தவள் இல்லை. அடித்த கையைப் பார்த்துக்கொண்டு அவளே நின்றுவிட்டாள். சொர்ணம் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனைச் சுற்றிக்கொண்டு போய் வாசல்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். ஞானம்பாள் குடத்தோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

தெருமுனையில் ஜெபராணி குதிரை வண்டியோடு காத்திருந்தாள். அந்தத் தெருவுக்குள் அவள் முன்பக்கமாக வர முடியாது. கிணற்றடிக்கு வருவதென்றால்கூடப் பின்சந்து வழியாகத்தான். சொர்ணத்தின் கன்னத்தைப் பார்த்தவள் கேள்வி கேட்கவில்லை.

"ஏறுங்க, நேரமாச்சு. இல்ல, இருங்க, நான் மொதல்ல ஏறுதேன்" என்றாள். காலையில் வண்டிக்காரனுக்கு முதல் சவாரி. வெள்ளைச் சேலை முதலில் ஏறினால் அவன் முகம் சுளிப்பானோ என்ற நினைப்பு.

வண்டிக்காரர் பேட்டை நூர்முகம்மது. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "யாரு மொதல்ல ஏறினா என்ன தாயி? அதெல்லாம் என் குதிரைக்குத் தெரியாது. அதுக்குக் கொள்ளு மட்டுந்தான் தெரியும்" என்றார். ஜெபராணி கையைக் காட்டினாள். சொர்ணமே முதலில் ஏறினாள்.

ஆனி மாதம். மலையில் சாரல் விழுந்து ஆற்றில் செம்மண் தண்ணீர் வந்திருந்தது. வண்டி பாலத்தில் ஏறியதும் ஜெபராணி பரீட்சையை எடுத்துவிட்டாள். இங்கிலீஷில் அவர்கள் இருவரும் அதிகம் மல்லுக்கட்டியது போக்குவரத்துச் சொற்களோடுதான். தமிழில் ‘ஆற்றுக்கு’, ‘வீட்டிலிருந்து’ என்று சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது அங்கே தனியாக, சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். எங்கே எதைப் போடுவது என்பது பெரிய தொல்லை. ஜெபராணி அதைச் செய்து காட்டித்தான் கற்றுக் கொடுத்தாள். வாளியைக் கிணற்றுக்குள் விடு, ‘இன்டு’. தண்ணீரை வெளியே இழு, ‘அவுட் ஆஃப்’. கிணற்றைச் சுற்றி நட, ‘ரவுண்ட்’. துணிக்கல் மேலே ஏறு, ‘அப்’. இறங்கு, ‘டவுன்’.

"இப்ப நாம எதுல போறோம்? சொல்லுங்க."

"ஓவர் த பிரிட்ஜ். அக்ராஸ் த ரிவர்."

"அந்தா ஒரு மரக்கட்டை மெதந்து போவுதே, அது?"

"டவுன் த ரிவர்."

"டவுணிலயிருந்து பாளையங்கோட்டைக்கு?"

"ஃப்ரம் டவுண் டு பாளையங்கோட்டை." ஒவ்வொரு சொல்லையும் சொர்ணம் கல் எடுத்து எறிவது போல எறிந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இந்தக் கோவத்தை அப்படியே வச்சுக்கிடுங்க. இன்னைக்கு நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள் ஜெபராணி.

பள்ளிக்கூடத்துக்குள் அவர்கள் நுழையவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பெரிய அறை. உயரமான ஜன்னல்கள். ஒரு கோடியில் மேஜைக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரைசானி உட்கார்ந்திருந்தாள். வயதானவள், மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். பரீட்சைக்கு வந்த மற்றப் பெண்கள் எல்லாரும் கிறிஸ்தவப் பிள்ளைகள். வெள்ளைச் சேலைக்காரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வாசிப்பு நன்றாகப் போயிற்று. சொல்லச் சொல்ல எழுதுவதும் நன்றாகப் போயிற்று. துரைசானி தலையை ஆட்டினாள். அடுத்தது செய்து காட்டுவது. சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவள் உடம்பால் செய்து காட்டித்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் முறை. துரைசானி சொல்வாள், பெண் அதைச் செய்ய வேண்டும்.

பெட்டியிலிருந்து புத்தகத்தை எடு. எடுத்தாள். பெட்டிக்குள் போடு. போட்டாள். முக்காலியைச் சுற்றி நட. நடந்தாள். கதவு வழியாக வெளியே போய் உள்ளே வா. போய் வந்தாள்.

"வாக் அக்ராஸ் த ரூம் டு மீ" என்றாள் துரைசானி. அறைக்குக் குறுக்கே நடந்து என்னிடம் வா.

சொர்ணம் நடந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நோ" என்றாள் துரைசானி. "தட் இஸ் அலாங் த வால்."

சொர்ணத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். துரைசானி மறுபடியும் கதவருகே போகச் சொன்னாள். மறுபடியும் அதே வாக்கியம், நிறுத்தி நிறுத்தி. சொர்ணம் மறுபடியும் நடந்தாள். பின்னால் ஒரு பெண் களுக் என்று சிரித்தாள்.

துரைசானி பேனாவை எடுத்தாள். ஜெபராணியைப் பார்த்து இங்கிலீஷில் பேசினாள். வாக்கியங்களைக் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறாள், பொருள் தெரியவில்லை, குறுக்கே என்பதற்கும் ஓரமாக என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவள் பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பாள், அடுத்த வருஷம் வரட்டும். அவள் மெதுவாகப் பேசியதால் சொர்ணத்துக்கு முழுவதும் விளங்கியது. அதுதான் கொடுமை.

அடுத்த வருஷம். அடுத்த வருஷம் சிவசைலத்தின் பிள்ளை தவழும். அவள் கையில் துணி வெளுக்கும் காரம் ஏறியிருக்கும். இன்னொரு தடவை இந்த வாசலுக்கு யார் விடப்போகிறார்கள்?

சொர்ணம் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். சுவரிலிருந்து ஒரு சாண். வலதுதோள் சுண்ணாம்பில் உரசி வெள்ளையாகியிருந்தது. பட்டாசலில் ஆண்கள் இருக்கும்போது இப்படித்தான் போவாள். நடுவில் போகக் கூடாது, யாருக்கு நேராகவும் போகக் கூடாது. சுவரை ஒட்டிப் போய் சுவரை ஒட்டி வர வேண்டும். காலையில் அவ்வளவு ஆங்காரத்தோடு வெளியே வந்தபோதுகூட அண்ணனைச் சுற்றித்தானே போனாள். இங்கே யாரும் அவளைத் தடுக்கவில்லை. இருந்தும் இந்தக் கால்கள் அவளைக் கேட்காமல் ஓரத்துக்குப் போயிருக்கின்றன. காலை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"ஐ நோ அக்ராஸ்!" என்று கத்திவிட்டாள்.

துரைசானி கண்ணாடிக்கு மேலே பார்த்தாள்.

அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. "அக்கா, நீங்க சொல்லுங்க அவ்வோகிட்ட" என்று ஜெபராணியிடம் திரும்பினாள். "எனக்கு அந்த வார்த்தை தெரியும். எங்க வீட்டுல நான் நடுவுல நடந்து வரப்படாது. யாருக்கும் நேரா வரப்படாது. ஒம்பது வருசமா சொவத்தை ஒட்டித்தான் நடக்கேன். என் கால் அங்கன போவுதுன்னு எனக்கே தெரியல. இதுக்குப் போயி எனக்குப் படிப்பு வரலைன்னு சொல்லாதீங்கன்னு சொல்லுங்க. படிப்பு வருது. எங்க வீட்டு ஆளுகதான் வரவிடல."

ஜெபராணி ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள். துரைசானி கேட்டுக்கொண்டிருந்தாள். பரிதாபப்பட்டதாகத் தெரியவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்தாள்.

"எகெய்ன்" என்றாள்.

சொர்ணம் கதவுக்குப் போனாள். இந்தத் தடவை துரைசானியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நடு அறை வந்ததும் இரண்டு பக்கமும் பிடிக்க ஒன்றும் இல்லாதது போல் இருந்தது. வேர்த்தது. கால் ஓரத்துக்கு இழுத்தது. ‘மூதேவி மாதிரி வந்து நிக்கே’ என்று அண்ணன் சொன்னது காதில் கேட்டது. அந்தக் கோபத்திலேயே காலை எடுத்து வைத்தாள். மேஜை இடுப்பில் முட்டிய பிறகுதான் நின்றாள்.

"குட்" என்றாள் துரைசானி. அப்புறம் ஜெபராணியிடம் இரண்டு விஷயம் சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு இடம் உண்டு. ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து, என் முன்னால் சம்மதம் சொல்ல வேண்டும். அதுவும் இன்றைக்கே, நான் மேஜையை விட்டு எழுந்து போவதற்குள். போன வருஷம் ஒரு பெண்ணை மதம் மாற்றக் கடத்திவிட்டதாக டவுணில் பெரிய கலவரம் ஆகிவிட்டது. சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டேன்.

சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா? சம்மதம் சொல்ல இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"ஆழ்வார்திருநகரிக்குப் போற ரோடு இந்த வழிதானே? அவ்வோ வண்டி போயிருக்குமா?" என்று ஜெபராணி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே ஆண்குரல் ஒன்று உரக்கக் கேட்டது. பள்ளிக்கூடக் காவலாளியோடு யாரோ சண்டை போட்டார்கள். சொர்ணத்துக்குக் குரல் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே வில்வண்டி நின்றது. சிவசைலம் அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான். வண்டிக்காரன் சுடலைக்கண்ணு தலையைக் குனிந்து மாட்டுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பார்வதியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏறு வண்டியில" என்றான் சிவசைலம். "ஒன்ன வீட்டுல தள்ளிட்டுத்தான் நான் திருநகரிக்குப் போவேன். தெருவே சிரிக்கு. பிள்ளைவாள் தங்கச்சி வேதத்துல சேந்துட்டாள்னு சாயங்காலத்துக்குள்ள கச்சேரி முழுக்கப் பேசுவானுவ."

"நான் வேதத்துல சேரல. வாத்திச்சி வேலைக்குப் படிக்கப் போறேன். பரீட்சையில தேறியாச்சு. நீங்க உள்ள வந்து சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நானா? சம்மதமா? நான் செத்தாலும் சொல்லமாட்டேன். ஏறுட்டி!"

அவள் கையைப் பிடித்து இழுத்தான். சொர்ணம் கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சேலைத் தலைப்பு நழுவியது. காவலாளி ஓடிவந்தான். அப்போது வண்டிக்குள்ளிருந்து பார்வதியம்மாளின் குரல் வந்தது.

"விடுலே அவளை."

சிவசைலம் திரும்பினான். தாயார் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். முகம் கறுத்திருந்தது. வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வந்தவளின் முகம் அது.

"நீ ஏம்மா எறங்குதே?"

"நான் வரல ஒங்கூட. பாலம் தாண்டும்போது நீ என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு இவகிட்ட."

"அதை ஏம்மா இப்போ..."

"நீ சொல்லமாட்டே, நான் சொல்லுதேன்." பார்வதியம்மாள் மகளின் பக்கம் திரும்பினாள். "சம்மந்தக்காரர் வீட்டுல நான் மாட்டுக்கொட்டிலு பக்கமா நிக்கணுமாம். இவன் முன்வாசல் வழியாப் போயி பிள்ளைய மொதல்ல பாத்துருவானாம். பொறவு கூப்பிட்டு விட்டா நான் புறவாசல் வழியா வரணுமாம். எனக்கு நீ பெத்த தாய், தோஷம் இல்ல. பிள்ளைக்கு நீ பெத்த தாயா அப்படின்னு கேக்கான். வாய் கூசாமக் கேக்கான்!"

"காலையில இவ எதுக்க வந்து எல்லாம் கெட்டுப் போச்சு. ஒரு ஜாக்கிரதைக்குச் சொன்னேன்" என்றான் சிவசைலம்.

"சகுனத்துல ஒனக்கு நம்பிக்கை இருந்தால்லா ஜாக்கிரதை? நெறகுடத்தைப் பாத்துட்டுத் திரும்பி வந்தவன்தானே நீ? இவளைப் பூட்ட ஒரு சகுனம், என்னைய நிறுத்த ஒரு சகுனம். நாளைக்கு ஒன் பொண்டாட்டிக்கு எதைடா எடுப்பே?"

செல்லமாக ‘லே’ போடுவாளே தவிர, தாயார் மகனைப் பார்த்து ‘டா’ போட்டு யாரும் கேட்டதில்லை. சுடலைக்கண்ணு கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தா பாரும்மா. நீ இந்தக் கேட்டுக்குள்ள கால் வச்சே, ரெண்டு பேருக்கும் அந்த வீடு கெடையாது."

"அது ஒங்க அப்பா கட்டுன வீடு."

சிவசைலம் வண்டியில் ஏறினான். "திருப்புலே" என்றான்.

"கெழக்கதானய்யா? திருநகரிக்கு?" என்றான் சுடலைக்கண்ணு.

"மேக்க. வீட்டுக்கு விடு."

பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான் அந்த மனுஷன். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாலத்துப் பக்கம் போயிற்று. பார்வதியம்மாளின் கை தன்னாலே இடுப்பைத் தடவியது. அவள் முகம் மாறியது.

"வீட்டுச் சாவிக்கொத்து அவன்கிட்ட இருக்குட்டி" என்றாள். "காலையில நான்தான் குடுத்தேன்."

சொர்ணம் ஆறுதல் சொல்லவில்லை. அறை வாங்கிய கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தாயார் தனக்காக இறங்கவில்லை, தன் அவமானத்துக்காக இறங்கினாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கோபத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

"துரைசானி எந்திரிச்சுப் போயிருவாவ" என்றாள். "நீ பெரியவ. ஒரு வார்த்தை நீ சொன்னாலும் போதும். வாறியா, இல்ல வண்டி பின்னால ஓடப்போறியா?"

பார்வதியம்மாள் தூரத்து வண்டியைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்த சிலுவையைப் பார்த்து, விபூதி பூசிய நெற்றியை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள்.

"ஒன் மேல எனக்கு இருக்க கோவம் தீரல" என்றாள்.

"எனக்கும் தீரலம்மா."

"எனக்கு உள்ள வழி தெரியாது. நீ முன்னால நடட்டி."

சொர்ணம் முன்னால் நடந்தாள்.